அவள் உள்ளே இருக்கிறாள்

முதல் நாள் படப்பிடிப்பில் அக்கா பேசிய முதல் வசனத்துக்கே ஒலிப்பதிவுக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு காதையும் தேய்த்து விட்டபடி, "மேடம், நான் இங்கதான் இருக்கேன். பக்கத்து ஊர்ல இல்ல" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

"காது உங்களோடது, தொண்டை என்னோடது. ரெண்டும் போகப் போகப் பழகிக்கும். இன்னொரு தடவை எடுங்க" என்றாள்.

இதுதான் என் அக்கா. இப்போது அவளைப் பற்றி ஆளாளுக்குப் பேசுகிறார்கள். "அப்பவே எனக்குத் தெரியும்" என்று சொல்கிறவர்களின் கூட்டம் நாளுக்கு நாள் பெருகுகிறது. அவர்களில் பாதிப் பேர் அப்போது என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் தையல்காரி. அளவெடுக்கும்போது வாயில் ஊசி இருப்பதால் பேச மாட்டேன், அவ்வளவுதான். எடுத்த அளவு எதையும் மறந்ததில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்குப் பகலில் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும் ஒரு கண்ணாடிக் கூண்டு, ஒரு மைக், ஒரு மின்விசிறி. ஒலிபெருக்கி பழுதான நாட்களில் கூண்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெறும் வாயாலேயே அறிவிப்பாள். அந்த நாட்களில்தான் பயணிகளுக்கு ஒழுங்காகக் காதில் விழுந்தது என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். மாலையானால் நாடகம். மரச்சாமான் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் ஒத்திகை நடக்கும். கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் கிடைக்கிற இடம்தான் மேடை.

அவள் நாடகத்தில் சேர்ந்ததும் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். அக்காவும் நிறுத்தினாள். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்பார்கள். வருஷம் ஒன்று ஓடிய பிறகு அப்பாவே இறங்கி வந்து நாடகத்துக்கு டிக்கெட் கேட்டார். கடைசி வரிசையில்தான் இடம் இருந்தது. நாடகம் முடிந்ததும் அக்கா அவரிடம் ஓடிப்போய்க் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு" என்றார் அப்பா. அதோடு சமாதானம் ஆயிற்று. அதற்குப் பிறகு அக்கா இயக்குநரான போதும் நடிகர்களிடம் கடைசி வரிசை, கடைசி வரிசை என்று ஓயாமல் சொல்லிச் சொல்லி, அவளுக்கே 'கடைசி வரிசை' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

அவளே எழுதி, இயக்கி, நடித்ததில் நிலைத்து நின்றது ஒரு நாடகம். எங்களுக்குள் அதற்குப் பெயர் கதவு நாடகம். ஒருவன் தினமும் வேலைக்குப் போகும்போது மனைவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவான். கேட்டால், எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான் என்பான். ஒருநாள் மாலை திரும்பி வந்து சாவியைத் திருகுகிறான். பூட்டு திறக்கிறது, கதவு திறக்கவில்லை. ஜன்னல் கம்பி வழியாகத் தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி அவள் உள்பக்கம் பொருத்தியிருக்கிறாள். மிச்ச நேரம் முழுக்க அவன் தெருவில் நின்று மிரட்டுகிறான், கெஞ்சுகிறான். பூட்டுக்காரன் வருகிறான், போலீஸ்காரர் வருகிறார், மாடிவீட்டு அம்மா வருகிறாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவளாகவே கதவைத் திறக்கிறாள். அவன் ஆவலாக உள்ளே ஓடுகிறான். அவள் வெளியே நடந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறாள்.

அந்தப் புருஷனாக நடித்தது என் மாமா, அதாவது அக்காவின் சொந்தப் புருஷன். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. அதிர்ந்து பேசாதவர். வீட்டில் குழாய் சொட்டினால்கூட அக்காவிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் மூடுவார். ஆனால் மேடையில் அவர் சாவியை ஆட்டுகிற அழகில், தெருவில் போகும்போது முகம் தெரியாத பெண்களெல்லாம் அவரை முறைத்துவிட்டுப் போவார்கள். மாமாவுக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமை உண்டு.

மேடையின் நடுவில் ஒரு கதவு. வலப்பக்கம் தெரு, இடப்பக்கம் வீடு. வெளிச்சத்தையெல்லாம் தெருப்பக்கம்தான் போடுவோம், சிரிப்பெல்லாம் அங்கேதானே. வீட்டுப் பக்கம் மங்கலாக ஒரே ஒரு விளக்கு. அக்கா அங்கே நிற்பாள், நடப்பாள், உட்காருவாள். சனங்கள் மாமாவைப் பார்ப்பார்களா, இருட்டில் நிற்கிறவளைப் பார்ப்பார்களா? நான் ஒருத்திதான் பார்த்தேன். இடப்பக்கத் திரைக்குப் பின்னால், கிழிந்ததை ஒட்டுப்போட ஊசியும் நூலுமாக நிற்பது என் வேலை.

எங்கள் குழுவில் இன்னொரு சட்டமும் உண்டு. சனங்கள் சிரிக்கும்போது அடுத்த வசனத்தைப் பேசக் கூடாது. அப்படியே நிற்க வேண்டும். "சிரிப்பு இறங்கட்டும், அதுக்கு முன்னாடி வாயைத் திறந்தா உதைப்பேன்" என்பாள் அக்கா. போலீஸ்காரர் மாமாவிடம், "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்பார். "என் பொண்டாட்டி." "அப்ப வெளியே நிக்கிற நீங்க யாரு?" இந்த இடத்தில் அரங்கம் வெடிக்கும். மாமா தூக்கிய சாவியோடு சிலையாக நிற்பார். சிரிப்பு அடங்கி வரும்போதுதான் கை இறங்கும். எந்த வசனத்துக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்பது எல்லோருக்கும் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது.

இந்த நாடகத்தைத்தான் டைல்ஸ்காரர் பார்த்தார். தரைக்கும் சுவருக்கும் ஓடு செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தவர், படம் எடுக்கும் ஆசையும் வைத்திருந்தார். நாடகம் முடிந்ததும் மனைவியோடு ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார்.

"கதை பிரமாதம்மா. இதைப் படமா எடுக்கப் போறேன்."

அக்கா முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எடுக்கலாமே. எப்ப ஆரம்பிக்கலாம்?"

"உங்களுக்குச் சிரமம் வேண்டாம். கதையை மட்டும் குடுங்க. டைரக்டர் ஒருத்தர் இருக்கார், கைராசிக்காரர். அவர் தொட்டது எதுவும் தோத்ததில்ல. நடிக்கவும் சனங்களுக்குப் பழக்கமான முகமா ஒண்ணு பாத்துக்கலாம்."

"பெத்தது நான். பேர் வைக்கறது அவரா?"

"அப்படி இல்லம்மா. உங்களுக்குக் கேமரா தெரியாதே."

"பொறக்கும்போது அவருக்கும் தெரியாது. நானே எழுதறேன், நானே எடுக்கறேன், நானே நடிக்கறேன். சம்மதம்னா சொல்லுங்க, இல்லேன்னா கதவு அந்தப் பக்கம் இருக்கு."

டைல்ஸ்காரர் வந்த வழியே போனார். அவர் மனைவி மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று அக்காவைப் பார்த்துவிட்டுப் போனார்.

குழுவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள். திமிர் என்றார்கள். வீடு தேடி வந்த அதிர்ஷ்டத்தை விரட்டியடித்தாள் என்றார்கள். மாமாகூட தயங்கித் தயங்கி, "குடுத்திருக்கலாமோ? நாம பாட்டுக்கு நாடகம் போட்டுட்டே இருக்கலாமே" என்றார்.

அக்கா அவரிடம் கத்தவில்லை. "குடுத்தா அவங்க முதல்ல பண்ற வேலை என்ன தெரியுமா? கடைசியில அவளைத் திரும்பி வரவெச்சிடுவாங்க. அவன் அழுவான், இவ ஓடி வந்து கண்ணைத் துடைப்பா. அவ போகணும்ங்கறதுக்காகத்தான் நான் இதை எழுதினேன். அவளை நான்தான் வெளியே கொண்டுபோய் விடணும். வேற யாரையும் நம்பி அனுப்ப மாட்டேன்" என்றாள்.

சொன்னதோடு நிற்கவில்லை. பேருந்து நிலையத்தில் விடுப்புப் போட்டுவிட்டு, ஒரு ஸ்டுடியோவில் பின்னணிக் குரல் கொடுக்கப் போனாள். கூட்டத்தில் கத்துகிறவள், பக்கத்து வீட்டுக்காரி, செத்தவன் தாயார் என்று கிடைத்த வாய்க்கெல்லாம் குரல் கொடுத்தாள். வேலை முடிந்தால் அங்கேயே எடிட்டரின் அறைக்குள் நுழைந்து ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொள்வாள். எடிட்டர் முன்கோபக்காரர். "மேடம், உங்க மூச்சு என் கழுத்துல படுது" என்பார். அவள் ஸ்டூலை ஒரு சாண் பின்னால் இழுத்துக்கொள்வாள். எழுந்து போக மாட்டாள்.

திரைக்கதையை என் கடையில்தான் எழுதினாள், துணி வெட்டுகிற மேசையில். நான் ஒரு பக்கம் கத்தரிக்கோலோடு, அவள் ஒரு பக்கம் பேனாவோடு. நாடகத்தில் இருந்த வசனத்தையெல்லாம் முதலில் அப்படியே எழுதினாள். எடிட்டர் பார்த்துவிட்டு, "இது ரேடியோவுக்கா?" என்று கேட்டாராம். பேசுவதை விட்டுவிட்டுத் தெரிவதை எழுதுங்கள் என்றாராம். தெருப்பக்கத்துக் காட்சிகள் சுலபமாக வந்துவிட்டன. வீட்டுக்குள் வந்தால் மட்டும் பேனா நின்றது. அந்த இடத்திலெல்லாம் ஒரே வரி: அவள் உள்ளே இருக்கிறாள்.

"இருந்துட்டு என்ன பண்றா?" என்று கேட்டேன்.

"இருக்கா."

"அது சரி. என்ன பண்றா?"

"மேடையில நான் என்ன பண்றேன்? நீதானே பக்கத்துல நிக்கறே, சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். தெரிந்தது, சொல்லத்தான் வரவில்லை. "ஏதோ பண்றே. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இல்ல."

"எனக்கும் அதான். எழுத வரல. கிடக்கட்டும் போ" என்று அந்த வரியையே பக்கத்துக்குப் பக்கம் எழுதிவிட்டாள்.

டைல்ஸ்காரர் மறுபடி வந்தார். அவர் மனைவி நாடகத்துக்கு இன்னும் இரண்டு தடவை வந்து போனதும், வீட்டில் அவரை நச்சரித்ததும் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். திரைக்கதையைப் புரட்டிவிட்டு, "என்னம்மா இது, உள்ளே இருக்கிறாள், உள்ளே இருக்கிறாள்னு? எங்கே போயிடப் போறா?" என்று சிரித்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அவளே எடுக்கலாம், அவளே நடிக்கலாம். ஆனால் முடித்துக் காட்டும்போது அவருக்குப் பிடிக்காவிட்டால் படம் கைராசிக்காரர் கைக்குப் போகும். அவர் வெட்டுவார், ஒட்டுவார், முடிவையும் மாற்றுவார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கறே" என்று கத்தினேன்.

"பிடிக்கும்" என்றாள். அவ்வளவுதான் பதில்.

படப்பிடிப்பில் நாங்கள் அடித்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மேடைக்காரர்கள் சனங்களுக்கு முதுகைக் காட்ட மாட்டார்கள். கேமரா எங்கே போனாலும் எங்கள் ஆட்கள் பூ திரும்புவது போல அந்தப் பக்கமே திரும்பினார்கள். "எல்லாரும் ஏன் குரூப் போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கறீங்க?" என்று கேமராக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். என் பங்குக்கு நானும் மாட்டினேன். மேடைக்கு உடை தைக்கும்போது அவசரமாகக் கழற்ற வேண்டுமென்று நீளநீளத் தையலாகப் போடுவேன். கேமராவில் அத்தனையும் பல்லைக் காட்டியது. எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தேன்.

அக்கா ஒவ்வொரு தப்பாகப் பிடித்துத் திருத்தினாள். குரலை இறக்கினாள். ஆட்களின் தோளைப் பிடித்து முதுகைத் திருப்பி நிறுத்தினாள். ஒன்றை மட்டும் திருத்த முடியவில்லை. எங்கள் ஆட்களுக்குக் காட்சியின் நடுவிலிருந்து தொடங்க வராது. பூட்டுக்காரனாக நடித்தவர் நிஜத்தில் பேருந்து நடத்துநர். அவரிடம் நாலாவது வசனத்தைக் கேட்டால், முதல் மூன்றையும் முணுமுணுத்துவிட்டுத்தான் நாலாவதுக்கு வருவார். கடைசியில் அக்கா, எல்லாக் காட்சியையும் ஆரம்பம் முதல் முடிவு வரை எடுத்துவிடலாம் என்றாள்.

வீட்டுக்குள் அவளை எடுத்தபோதும் அதே கதைதான். கதவுக்கு வெளியே மாமாவும் மற்றவர்களும் நின்று முழு வசனத்தையும் பேச வேண்டும், உள்ளே கேமரா அவள் மேலேயே இருக்க வேண்டும்.

"மேடம், இந்தக் காட்சியில உங்களுக்கு ரெண்டே வரி. அதுக்கு முழுசா ஓட்டணுமா?" என்று கேமராக்காரர் முனகினார்.

"அவங்க பேசினாத்தான் எனக்கு வரும். ஓடட்டும்."

இதற்கிடையில் எவர் கண்ணிலும் படாத தப்பு ஒன்று நடந்துகொண்டே இருந்தது. நகைச்சுவை வசனம் வந்ததும் எங்கள் ஆட்கள் வழக்கம்போல நின்றார்கள். சிரிக்க அங்கே சனம் ஏது? ஆனாலும் சிரிப்பு இறங்குகிற நேரம் வரை நின்று, பிறகுதான் அடுத்ததைப் பேசினார்கள். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை. எங்கள் காதுக்குள் அந்தச் சிரிப்பு கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

முதல் தடவை போட்டுக் காட்டியது ஸ்டுடியோவில் ஒரு சின்ன அறையில். மெத்தென்ற நாற்காலிகள், குளிரூட்டி, டைல்ஸ்காரர், அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர், கைராசிக்காரர். பின்னால் நானும் அக்காவும். மாமாவுக்குக் கடையில் விடுப்புக் கிடைக்கவில்லை.

பூட்டுக்காரன் சொன்னான்: "சார், பூட்டு திறந்துதான் இருக்கு. கதவுதான் ஒத்துக்க மாட்டேங்குது."

மேடையில் கைதட்டல் பறக்கும் இடம். அறையில் குளிரூட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் மாமா சாவியைத் தூக்கியபடி நிற்கிறார். நிற்கிறார். இன்னும் நிற்கிறார்.

"படம் நின்னுடுச்சா?" என்றார் சிநேகிதர்களில் ஒருவர்.

"பாவம், வசனத்தை மறந்துட்டாரு" என்றார் மற்றவர்.

அடுத்த நகைச்சுவையிலும் அதேதான். அதற்கடுத்ததிலும். பாதிப் படத்துக்குள் அவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், வசனத்துக்காக இல்லை, ஆட்கள் மரமாய் நிற்பதைப் பார்த்து. எனக்கு அந்த நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. விளக்குப் போட்டதும் கைராசிக்காரர் எழுந்து வந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அன்பாகவே பேசினார்.

"நாடகக்காரங்களுக்கு இது சகஜம்தாங்க. நான் சரி பண்ணிடறேன். கடைசியில மட்டும் அவ ஒரு தடவை திரும்பிப் பாக்கட்டும். அவன் அழட்டும். மிச்சத்தை சனங்களே பாத்துப்பாங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. அப்பா இறந்த அன்றுகூட வாய் மூடாமல் ஏற்பாடுகளைக் கவனித்தவள். கொஞ்ச நேரம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று தொடையில் தட்டிச் சிரித்தாள்.

"சிரிப்புக்கு நிக்கறாங்க" என்றாள்.

"யார் சிரிப்புக்கு?" என்றார் டைல்ஸ்காரர்.

"சனங்க சிரிப்புக்கு. என் தப்புதான். நான்தான் நிக்கச் சொல்லிக் குடுத்தேன். கேமரா முன்னால நிக்க வேண்டாம்னு சொல்லாம விட்டுட்டேன்." எழுந்து அவர் எதிரில் நின்றாள். "இன்னொரு தடவை காட்டறேன். ஆனா இந்த அறையில இல்ல. நாலு பேர் சோபாவில சாஞ்சு பாக்கறதுக்கு நான் எடுக்கல. உங்க தொழிற்சாலை ஆளுங்களைக் குடும்பத்தோட கூப்பிடுங்க. அவங்க முன்னால போடறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்."

கைராசிக்காரருக்கு வேறு ஒரு படத்தின் வேலை பாக்கி இருந்தது. அதனால் அந்த மாதம் முடியும் வரை அக்காவுக்கு நேரம் தர டைல்ஸ்காரர் ஒப்புக்கொண்டார்.

மறுநாள் எடிட்டர் அறையில் ஒரு காட்சியை எடுத்து, ஆட்கள் நிற்கும் இடத்தையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். போட்டுப் பார்த்தால் ஒரு வசனத்தின் காலை அடுத்த வசனம் மிதித்துக்கொண்டு ஓடியது. மூச்சு முட்டியது. அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

எடிட்டருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "வெட்டினாலும் குத்தம், வெட்டாட்டியும் குத்தம்! இடைவெளி வேணும்னா அதுல வைக்கறதுக்கு ஏதாவது வேணுமில்ல? என்ன இருக்கு உங்ககிட்ட?"

"உள்ளே எடுத்தது இருக்கே."

"அதுல நீங்க சும்மாதானே நிக்கறீங்க! பாருங்க, நல்லா பாருங்க" என்று கோபமாக அதை ஓடவிட்டார்.

கதவுக்கு அப்பால் போலீஸ்காரரின் குரல் கேட்கிறது. அப்ப வெளியே நிக்கிற நீங்க யாரு? அரங்கம் வெடிக்கும் இடம் அது. கதவுக்கு இந்தப் பக்கம் அவள் சிரிக்கவில்லை. கை மெதுவாக மேலே போய், தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. சரியாகத்தான் விழுந்திருக்கிறது. மறுபடியும் தடவுகிறது. பிறகு மேசையைப் பார்க்கிறாள். வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு தட்டை எடுத்து மார்போடு பிடித்துக்கொள்கிறாள், எங்கே வைப்பதென்று தெரியாமல்.

எனக்கு அந்த முகம் தெரியும். எத்தனையோ மாலைகள், மொத்தச் சனமும் மாமாவைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும்போது, இருட்டில் நின்று நான் பார்த்த முகம் அது. அக்கா இன்றுதான் பார்க்கிறாள். நடிக்கிறவளுக்குத் தன் முகத்தைப் பார்க்க ஏது வழி? எடிட்டர் நிறுத்த மறந்துவிட்டார்.

"எனக்கு எழுத வரலைன்னு விட்டேனே, அது இதான்டி" என்றாள் என்னிடம்.

அதற்குப் பிறகு கிடுகிடுவென்று வேலை நடந்தது. வெளியே ஆட்கள் சிலையாக நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் உள்ளே இருக்கும் அவள் முகத்தை வைத்தார்கள். எங்கள் ஆட்கள் உள்ளே எடுத்தபோதும் வெளியே எடுத்தபோதும் அதே வசனத்துக்கு அதே நேரம் நின்றிருந்தார்கள். எடுத்து வைத்தால் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. ஒரே ஒரு இடத்தில் எடிட்டர் தயங்கினார்.

"மேடம், இவ்வளவு கிட்டத்துல சுருக்கமெல்லாம் தெரியுது. லேசா மழுப்பிடட்டுமா?"

"அதுக்கு நான் ஒப்பனைகூடப் போடல, தானா வந்தது. இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம், தொழிற்சாலையின் சாப்பாட்டுக் கூடத்தில் படத்தைப் போட்டார்கள். ஜன்னல்களுக்கு நான்தான் கறுப்புத் துணி தைத்துக் கட்டினேன். ஓடு சுடுகிறவர்கள், லாரி ஏற்றுகிறவர்கள், அவர்களுடைய மனைவிமார், பிள்ளைகள் என்று கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் டைல்ஸ்காரர், அவர் மனைவி, கைராசிக்காரர். கடைசி வரிசையில் அக்கா, வேறு எங்கே உட்காருவாள்? பக்கத்தில் நான். எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் மாமா, கடையிலிருந்து நேராக வந்து பையை மடியில் வைத்துக்கொண்டு.

முதல் நகைச்சுவைக்குக் கூடம் கொல்லென்று சிரித்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தச் சிரிப்பின் நடுவே திரையில் அவள் முகம் வந்தது. சிரிப்பு தடுமாறியது. அடுத்ததற்கும் சிரித்தார்கள், மறுபடி அவள் முகம் வந்தது, இந்தத் தடவை சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. போலீஸ்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது சிலர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். பாதிப் படத்துக்கு மேல், வெளியே என்ன வேடிக்கை நடந்தாலும், உள்ளே அவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கவே கூடம் காத்திருந்தது. மாமா கதவை ஓங்கி உதைக்கிற இடத்தில், "தாழ்ப்பாளைப் பாத்துக்கோம்மா!" என்று ஒரு பெண் வாய்விட்டே கத்திவிட்டாள். அக்கா என் கையைப் பிடித்தாள். அவள் நகம் பதிந்த இடம் மறுநாள் வரை எனக்கு வலித்தது.

கடைசியில் அவள் கதவைத் திறந்தாள், அவனைத் தாண்டி நடந்தாள், போய்விட்டாள்.

கைதட்டல் ஓய்வதற்குள் கைராசிக்காரர் எங்களிடம் வந்துவிட்டார், பின்னாலேயே டைல்ஸ்காரர், அவர் மனைவி.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. நான் எதையும் தொட மாட்டேன். கடைசியில ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்தா போதும். சனங்க மனசு நிறைஞ்சு வீட்டுக்குப் போவாங்க" என்றார் கைராசிக்காரர்.

"அவ திரும்ப மாட்டா" என்றாள் அக்கா.

டைல்ஸ்காரர் கனைத்துக்கொண்டார். "ஒரு பார்வைதானேம்மா. கையெழுத்து வேற போட்டிருக்கீங்க."

"போட்டிருக்கேன், இல்லேங்கல. படத்தைத் தாராளமா எடுத்துட்டுப் போங்க. திரும்பிப் பாக்கறதுக்கு யாரைத் திருப்புவீங்க? கழுத்து என்னோடது." குரலைத் தன்னுடைய பழைய அளவுக்கு ஏற்றினாள். வெளியே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பினார்கள். "அன்னைக்கே பழக்கமான முகம் ஒண்ணைப் போட்டிருந்தா உங்களுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்காது. இப்ப இத்தனை பேருக்கும் பழக்கமான முகம் இதுதான். வேணும்னா அவங்களைக் கேளுங்க, அவ திரும்பணுமான்னு."

டைல்ஸ்காரர் கையைப் பிசைந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. சம்பளம் கொடுக்கிற முதலாளியிடம் எவர் என்ன சொல்வார்? ஆனால் ஒருவரும் நகரவில்லை. அவர் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "விடுங்களேன். அவ போகட்டும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். டைல்ஸ்காரர் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிம்மா, போகட்டும்" என்றார்.

கைராசிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். போகும்போது அக்காவிடம் கைகுலுக்கிவிட்டே போனார்.

கூடம் காலியானது. ஆட்கள் சாப்பாட்டு மேசைகளைப் பழைய இடத்துக்கு இழுத்தார்கள், நான் ஸ்டூலில் ஏறிக் கறுப்புத் துணிகளை அவிழ்த்தேன். வெயில் உள்ளே வந்தது. மாமா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார், மடியில் பையோடு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என்ன, வீட்டுக்கு வரலையா?" என்றாள் அக்கா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை வருஷமா நான் தட்டும்போதெல்லாம் நீ உள்ள இப்படித்தான் நின்னுட்டிருந்தியா?"

"ஆமா."

"ஒரு தடவைகூட சொல்லலையே."

"நீங்க தட்டறதிலேயே இருந்தீங்க."

மாமா சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், துடைத்ததையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த படத்துல நீங்க உள்ள இருங்க. நான் வெளியே நின்னு தட்டறேன். கேமரா உங்க பக்கம் இருக்கட்டும்" என்றாள்.

"எனக்கு என்ன எழுதியிருக்கே?"

"ஒரே வரிதான். அவன் உள்ளே இருக்கிறான்."

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.